நைனா காலில் யாரோ ஒரு பிள்ளையின் தோல்

அந்தத் தோல் எங்கிருந்து வருகிறது என்று நான் டாக்டரிடம் கேட்காமலே இருந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் எத்தனை நாளில் புண் ஆறும் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்திருப்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் தெருவில் யாராவது புது மிக்சி வாங்கினால், அதை எங்கே வாங்கினார்கள், பழையது என்ன ஆயிற்று என்பது வரை எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்று நானும் நைனாவும் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் இருந்தோம். நைனா என்றால் என் அப்பா. அவருடைய இடது உள்ளங்காலில் ஐந்து மாதமாக ஆறாத புண். பக்கத்து அறையில் நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருக்க, டாக்டர் என்னை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். சர்க்கரை நோய்க்காரர்களுக்குப் புண் இப்படி ஆறாமல் நின்றுவிடுவது உண்டு, இன்னும் உள்ளே இறங்கி எலும்பைத் தொட்டுவிட்டால் கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்றார். எடுப்பது என்பதை அவர் ஏதோ அலமாரியிலிருந்து எடுப்பதுபோலச் சொன்னார்.

அதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம் என்றார். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற உயிருள்ள தோல் இருக்கிறதாம். மெல்லிய வட்டமாக வரும். அதைப் புண்மேல் வைத்தால், நின்றுபோன ஆறுகிற வேலையை அது மறுபடி முடுக்கிவிடும். வெளிநாட்டிலிருந்து சென்னை வழியாக வரவழைக்க வேண்டும்.

"வளக்கறதுன்னா, எதுல இருந்து வளக்கறாங்க?" என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பிறந்த குழந்தைங்களோட செல்லுல இருந்து."

"குழந்தைக்கு எந்த இடத்துல எடுப்பாங்க?"

"சில நாடுகள்ல ஆண் குழந்தை பிறந்ததுமே முன்தோலை எடுத்துடற பழக்கம் இருக்குங்க. அதைக் குப்பையில போடாம, பெத்தவங்க சம்மதத்தோட வாங்கி, செல்லைப் பிரிச்சு வளர்ப்பாங்க. ஒரு குழந்தையோட துளித் தோல் எத்தனையோ பேருக்கு ஆகும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் கால் போகப்போகிறது என்று சொன்ன அறையில் உட்கார்ந்து சிரித்தேன். டாக்டரும் பாவம், மேசையைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் அடுத்த கேள்வி வந்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயதிருக்கும்?

"தெரியாதுங்க. செல்லை உறையவெச்சு வருஷக்கணக்குல பயன்படுத்துவாங்க. அவன் இப்ப காலேஜ் கூடப் படிக்கலாம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"எப்படிம்மா தெரியும்?"

நான் அங்கேயே வரவழைக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் ஆகும், வந்தால் சில நாட்களுக்குள் வைத்துவிட வேண்டும், அப்பாவிடம் விளக்கமாகச் சொல்லி வையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சொல்வதில்தான் சிக்கல். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். செஞ்சியைச் சுற்றி எங்களை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற குடும்பம். மண்ணுக்கடியில் விளைவது, தேன், தோல் சாமான் எதுவும் வீட்டுக்குள் வராது. நான் அவ்வளவு ஒழுங்கில்லை. பஸ் ஸ்டாண்டில் வெங்காய பஜ்ஜி தின்றுவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள். நைனா அப்படியில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான் பிரிப்பார். மாத்திரைக் கூட்டை எந்த எலும்பைக் காய்ச்சிச் செய்தார்களோ என்று, கூட்டைப் பிரித்து மருந்தை மட்டும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். அது வேப்பங்காய்க் கசப்பு. முகம் கோணாமல் குடிப்பார்.

புண் வந்ததே அந்த ஒழுங்கால்தான். முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்தவர். வல்லம் பக்கத்து ஊர்களுக்குச் சைக்கிளில் பாதியும் நடையில் பாதியுமாகக் கடிதம் கொண்டுபோனவர். ஓய்வுபெற்ற பிறகும் மாதம் ஒருமுறை திருநாதர்குன்றுக்கு ஏறிப்போய், பாறையில் செதுக்கிய இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் கும்பிட்டு வருவார். செருப்பை அடிவாரத்திலேயே கழற்றிவிடுவார். சித்திரை வெயிலில் பாறை கொதித்திருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன காலுக்கு அது தெரியவில்லை. வீட்டுத் தரையில் கொப்புளம் உடைந்த ஈரத் தடத்தைப் பார்த்து நான்தான் கத்தினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "வலிக்கவே இல்லியேம்மா" என்றார்.

அவரிடம் மறுநாள் காலை சொன்னேன். "லேப்புல வளக்கற தோலு நைனா. மிருகம் எதுவும் கெடையாது" என்று ஆரம்பித்தேன்.

"எதுல இருந்து வளக்கறாங்க?"

எனக்கு இந்த நோண்டுகிற புத்தி எங்கிருந்து வந்தது என்பதில் இதுவரை யாருக்காவது சந்தேகம் இருந்திருந்தால் அது அன்று தீர்ந்திருக்கும். சுற்றி வளைத்துப் பார்த்தேன். முடியவில்லை. கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். கூச்சம் எனக்குத்தான். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஐந்து மாதமாக அந்த முகத்தில் நான் அதைப் பார்க்கவில்லை.

"அதுக்கு உயிரு இருக்குதா?"

"இருக்குது. அதனாலதான் வேலை செய்யுது."

"என் காலு மேல வெச்சா அது இன்னா ஆவும்?"

"கொஞ்ச நாள்ல செத்துடும் நைனா. அதுக்குள்ள உன் தோலை வளர வெச்சுடும்."

யோசித்தார். "தொட்டா தெரியுறது மட்டும் இருந்தா அது ஓரறிவு உயிரு. செடி மாதிரி. தோலுக்கு வேற இன்னா தெரியும், தொட்டாதான் தெரியும். கீரையைத் தின்றோமே, அந்தக் கணக்குல வெச்சுக்கலாம். ஆனா ஒரே உடம்புல ஆயிரம் உயிரு இருந்துதுன்னா? உருளைக்கிழங்கு மாதிரி?"

"நைனா, உன் காலைப் பத்திப் பேசறோம். உருளைக்கிழங்கைப் பத்தி இல்ல."

"நீ இரு. அந்தப் புள்ளைக்கு வலிச்சுதாமா?"

"மரத்துப்போற மருந்து குடுப்பாங்க."

"குடுத்தது யாரு?"

"பெத்தவங்க. கையெழுத்து போட்டுத்தான் குடுப்பாங்களாம்."

"அவங்க தோலா அது?"

நான் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ரேஷன் கார்டு என்று எல்லா மனுவும் எழுதிக் கொடுப்பேன். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றவர் அல்லது பாதுகாவலர் கையெழுத்துப் போடும் கட்டத்தைக் காட்டி, இங்கே போடுங்க, இங்கே போடுங்க என்று ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்கிறேன். அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

எங்கள் பக்கத்து வீடு ஒரு பாயுடையது. சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நைனாவின் தபால் சைக்கிளுக்கு வருஷக்கணக்காகப் பஞ்சர் ஒட்டிய சிநேகிதம். அவருடைய மகளும் மருமகனும் ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். பேரனுக்குச் சுன்னத்து வைத்து ஊருக்கு விருந்து போடப் பாய் துடித்துக்கொண்டிருந்தார். மருமகன் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார். அந்த வீட்டில் ஒரு வாரமாகச் சோற்றுத் தட்டை வைக்கிற சத்தம்கூடப் பலமாகக் கேட்டது.

நைனா நேரே அங்கே போய்விட்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தாவித் தாவிப் போய், பாயின் கூடத்தில் ஒரு முக்காலிமேல் காலை நீட்டி உட்கார்ந்து, எந்த முன்னுரையும் இல்லாமல் கேட்டார். "பாய், வெட்டி எடுத்ததை நீங்க இன்னா பண்ணுவீங்க?"

பாய் திகைத்துப் போனார். "மண்ணுல பொதைச்சிடுவோம் நயினாரே. எதுக்குக் கேக்கறீங்க?"

நைனா விஷயத்தைச் சொன்னார். பாய்க்கு வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். "கேட்டியா மாப்ள? ஒரு புள்ள குடுத்தது எங்கயோ இருக்குறவனுக்குக் காலு குடுக்குது."

மருமகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர். அதிர்ந்து பேசமாட்டார். "குடுக்கல மாமா. எடுத்தாங்க" என்றார்.

அங்கே தொடங்கியது. பாய்க்குச் சுன்னத்து நடந்தது ஏழு வயதில். நாவிதர் வந்து, அதோ பாரு பொன்குருவி என்று மேலே கையைக் காட்டினாராம். இவர் நிமிர்ந்து பார்த்தார். வேலை முடிந்துவிட்டது. "இன்னிக்கு வரைக்கும் எவனாவது மேலே பாருன்னா நான் பாக்கறதில்ல. அதான் சொல்றேன், வெவரம் தெரியாத வயசுலயே முடிச்சிடுங்கன்னு. மனசுல நிக்காது. அது புள்ளைக்கு நாம பண்ற தயவு."

"எனக்குக் கைக்குழந்தையிலயே பண்ணிட்டாங்க. மனசுல நிக்கல, வாஸ்தவம்தான்" என்றார் மருமகன். "நிக்காததால அது எனக்கு நடக்கலன்னு ஆயிடுமா?"

"தடுப்பூசி போட்டியே, அவனைக் கேட்டுட்டா போட்ட?"

"அது போடலன்னா நோவு வரும்."

"இதுலயும் சில நோவு வராதுன்னு டாக்டருங்க சொல்றாங்க."

"அவசரமில்ல, பெரியவனானப்புறம் பாத்துக்கலாம்னு சொல்ற டாக்டருங்களும் இருக்காங்க மாமா."

நான் சும்மா இருப்பேனா? "நாங்க காது குத்துறோமே, அதுவும் கேக்காமதான்" என்றேன். காதுத் துளை விட்டால் தூர்ந்துவிடும், இது திரும்ப வராது என்றார் மருமகன். மார்க்கத்துக்குள் ஒரு பிள்ளையைக் கூட்டி வருவதை அவன் பெரியவனாகட்டும் என்று யாராவது தள்ளிப்போடுவார்களா, பேர் வைப்பதைத் தள்ளிப்போட்டோமா என்றார் பாய். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. பாயின் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "ரெண்டு பேரும் நல்லாப் பேசுங்க. அன்னிக்கு ராத்திரி அழுதா தூக்கி வெச்சுக்கப் போறது நான்தான். என்னை ஒருத்தரும் கேக்கல, பாருங்கக்கா" என்றாள். குழந்தை நைனாவின் வெள்ளைக் கட்டைப் பிடித்து இழுத்தது.

நைனா யாரோடும் வாதம் செய்யவில்லை. மருமகன் முதலில் சொன்ன ‘எடுத்தாங்க’ என்ற சொல்லிலேயே அவர் மனம் நின்றுவிட்டது என்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் தெரிந்தது. "வேணாம்மா. சொல்லிடு டாக்டருக்கு."

"இன்னா வேணாம்?"

"குடுக்காததை எடுத்துக்கறதில்லன்னு விரதம் எனக்கு. முப்பத்தஞ்சு வருஷம் அடுத்தவங்க சாமான் என் கையில இருந்துது. ஒரு கவரைப் பிரிச்சதில்ல. இதுக்கு அனுப்புனவன் பேரும் இல்ல. எனக்குன்னு எவனும் எழுதவும் இல்ல."

"காலு போயிடும் நைனா."

"போவட்டும். ஊன்றுகோல் வெச்சுக்கறேன்."

கோபத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. ஒரு மனிதன் தன் விரதத்தை இத்தனை அழகாகச் சொல்லலாம். ஊன்றுகோலை எடுத்துக் கொடுப்பதிலிருந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போவது வரை வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்குக் கல்யாணம் என்று நடந்தது நிலைக்கவில்லை. அவர் நடந்தே தீர வேண்டும் என்று எனக்கு வெறி இருந்தது. அதில் பாதி அவருக்காக, பாதி எனக்காக. இதை இப்போது எழுதும்போதுதான் ஒத்துக்கொள்ள முடிகிறது.

பெட்டி வந்துவிட்டது என்று புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. டாக்டரிடம் நான் வேண்டாமென்று சொல்லியிருக்கவே இல்லை. மறுநாள் கட்டு மாற்றப் போகிறோம் என்று நைனாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒப்புதல் படிவத்தை வாங்கி, நானே பூர்த்தி செய்தேன். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. டாக்டர், "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். பொய்யில்லை. அவர் என்ன பதில் சொன்னார் என்று டாக்டர் கேட்கவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு நைனாவிடம் போனேன். பிஸ்கட் பாக்கெட்டைப் படிக்கிற மனிதர், நான் நிரப்பிக் கொடுத்த தாளைப் படித்ததே கிடையாது. ஊருக்கே எழுதிக் கொடுக்கிற மகள் என்று அவருக்குப் பெருமை. விரலால் கட்டத்தைக் காட்டினேன். "இங்க போடு நைனா." போட்டார். தமிழில், தபால் ரசீதில் போடுவதுபோல் நிதானமாக, கீழே ஒரு கோடும் இழுத்தார்.

நான் உள்ளே நின்று பார்த்தேன். அந்த வட்டம் ஈரமாக, வேகவைத்த ஜவ்வரிசி வடாம் போல மெல்லியதாக இருந்தது. யாருப்பா நீ, எந்த ஊரு என்று மனசுக்குள் கேட்டேன். அத்தனை பதற்றத்திலும் கிட்டே போய் உற்றுப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நைனா மல்லாந்து படுத்து, நர்ஸுக்குச் சொந்த ஊர் தளவானூர் என்று தெரிந்துகொண்டு, அவர்கள் தெருவில் தான் கடிதம் கொடுத்த வீடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கால் மரத்திருந்ததால் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

மூன்று மாதத்தில் புண் மூடியது. வட்டம்தான் காரணமா, காலை ஊன்றாமல் வைத்திருந்ததா, சர்க்கரை கட்டுக்குள் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். எல்லாமும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நைனாவுக்கு மட்டும் உறுதியாகத் தெரிந்தது. தன் உடம்பே தன்னை ஆற்றிக்கொண்டது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பஞ்சுபோன்ற ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் கடை வரை நடந்து வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். எனக்கு ஒவ்வொரு முறை அவர் அதைச் சொல்லும்போதும் காது சூடாகும். ஆனாலும் நடக்கிறாரே என்று என்னைத் தேற்றிக்கொள்வேன்.

பாயின் மகளும் மருமகனும் பிள்ளையோடு மறுபடி பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். அதற்குள் ஒருவழியாக மருமகன் இறங்கி வந்திருந்தார். மருத்துவமனையில் வைத்துச் செய்வது, மரத்துப்போக ஊசி போடுவது என்று முடிவாகியிருந்தது. ஒரு நாள் காலை மருத்துவமனைப் படிவத்தை நகல் எடுக்கப் பாயும் மருமகனும் என் கடைக்கு வந்தார்கள். மருமகன் பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை வரிவரியாகப் படித்தார். இருபது நிமிஷம் இருக்கும். புரியாத சொல்லைப் போனில் தேடிப் பார்த்தார். பாய் வாசலில் நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். நைனா வழக்கமான நாற்காலியில் இருந்தார்.

"ஒண்ணு சொல்றேன் தம்பி" என்றார் நைனா. "அந்தத் தோலை வாங்கியிருந்தா காலு தப்பும், இல்லன்னா போயிடும்னாங்க. நான் வேணான்னுட்டேன். இதோ நடக்கறேன். எவங்கிட்டயும் எதையும் எடுக்காமலே ஆறிச்சு."

மருமகன் பேனாவை மூடினார். "கேட்டீங்களா மாமா? இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்." பாயின் முகம் தொங்கிப்போனது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். என் பொய் எங்கள் வீட்டுக்குள் கிடந்தவரை நான் அதைச் சுமந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உடம்பைப் பற்றிச் சாட்சி சொல்லக் கிளம்பியபோது என்னால் முடியவில்லை.

"வெச்சாச்சு நைனா" என்றேன். "அன்னிக்குக் கட்டு மாத்துனாங்களே, அன்னிக்குத்தான். நீ வேணான்னு சொன்னதுக்கு அப்புறம்."

நைனா இடது செருப்பைக் கழற்றினார். காலை மடக்கி உள்ளங்காலைப் பார்க்க முயன்றார், எட்டவில்லை. கடைக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர்கள் தலைவாரிக்கொள்ள நான் மாட்டிவைத்திருக்கும் கண்ணாடியைக் கழற்றி, காலுக்குக் கீழே பிடித்துப் பார்த்தார்.

"எந்த இடம்?"

காட்டினேன். மற்ற இடத்தைவிட வெளுத்து, வழவழப்பாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். விரலுக்குத் தெரிந்திருக்கும், காலுக்குத் தெரிந்திருக்காது.

"நான் கையெழுத்து போட்டனே."

"ஆமா நைனா."

"அதுல எழுதியிருந்துதா?"

"இருந்துது. இங்கிலீஷ்ல."

கண்ணாடியை அதே ஆணியில் மாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். நன்றாக, நேராக நடந்தார். நான் காப்பாற்றிய கால் என்னை விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் உபவாசம். என்னைத் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் காலை குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு, "வா" என்று கூப்பிட்டார். பாய் வீட்டுக்குப் போனோம். குழந்தை விரிப்பில் குப்புறக் கிடந்து ஒரு கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தது. நைனா சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, அதன்முன் கை கூப்பினார்.

"பொறுத்துக்கோப்பா" என்றார்.

பாயின் மகள் பதறிப்போனாள். "அய்யோ, இன்னா நயினாரே இது! இவன் உங்களுக்கு எதுவும் குடுக்கலியே."

"குடுத்தவன் எங்க இருக்கான்னு தெரியாதும்மா. இவங்கிட்டயாவது சொல்லிட்டுப் போறேன்."

குழந்தை கரண்டியை நீட்டியது. நைனா வாங்கிக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே அதன் கையை மெல்ல மூடிவிட்டார். கூடத்தின் ஓரத்தில் மருமகன் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் கையெழுத்துப் போட்டார். என்ன நினைத்துப் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன், கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "மாமா சொல்றதும் தயவுதான்கா. ஆனா பொன்குருவி காட்டமாட்டேன். வயசு வந்ததும் நானே சொல்லிடுவேன், உன்னைக் கேக்காம நான்தான் போட்டேன்னு. கோவிச்சுக்கிட்டா கேட்டுக்கறேன்" என்றார். குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு போனார். விருந்தன்று எங்கள் வீட்டுக்குத் தனியாகப் பழமும் கற்கண்டும் வந்தன.

குழந்தையிடம் பொறுத்துக்கோ என்று சொல்லிவிட்டு அன்று பாய் வீட்டிலிருந்து திரும்பும்போது நைனா என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "இன்னும் ரெண்டு தரம் நீ கேட்டிருக்கலாம். நான் சரின்னு சொல்லியிருப்பனோ இன்னாவோ. இப்ப எனக்கே தெரியாம போச்சு."

அதற்குப் பிறகு பழையபடி பேசுகிறார். கடைக்கும் வருகிறார். போன மாதம் குன்றுக்கு ஏறினார், நான் பின்னாலேயே போய்ப் பாறை சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்ல நடந்தார். மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் அவருடைய பென்ஷனுக்கான ஆயுள் சான்றைப் பூர்த்தி செய்து நீட்டினேன். பழக்க தோஷத்தில் விரல் கட்டத்துக்குப் போய், "இங்க போடு நைனா" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"ஒண்ணுமில்ல நைனா. நீ உசுரோட இருக்கன்னு எழுதற தாளு, அவ்ளோதான்."

"இருக்கட்டும்மா. படிச்சுட்டுத் தரேன்."

வெளியே ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கடைசி வரி வரை போய்விட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.